‘சும்மா’ இருக்கிற நேரம்!

பிற்பகல் மூன்று மணி. மயிலாப்பூரில், வடக்கு மாட வீதியின் இரைச்சல் எட்டியும் எட்டாமலும் கேட்கிற ஒரு சந்து. எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில், கூடத்து ஜன்னலோரமாக ஒரு மரச்சட்டம் நிற்கிறது. அதில் அரக்கு நிறப் பட்டுத் துணி ஒன்று மேளத்தோல் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. சட்டத்துக்கு முன்னால் மாமி உட்கார்ந்திருக்கிறார். வலது கை துணிக்கு மேலே. இடது கை துணிக்கு அடியிலே. மேல் கையில், நுனியில் கொக்கி வைத்த ஊசி. கீழ்க் கையில் ஜரிகை நூல். ஊசி இறங்குகிறது, நூலைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சங்கிலிக் கண்ணி. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

அந்தச் சமயத்தில் வாசல் மணி அடித்தது. அடையாறிலிருந்து ஒரு வாடிக்கைக்காரி. ஒரு கையில் பட்டுத் துணி. மறு கையில் கைப்பேசி. கைப்பேசியில் ஒரு படம்.

“மாமி, இதே மாதிரி கழுத்துக்கும் கைக்கும் போட்டுத் தரணும். எவ்வளவு ஆகும்?”

“ஆயிரத்தைந்நூறு ஆகும்மா.”

“அம்மாடி! அவ்வளவா? நீங்க ஆத்திலே சும்மா இருக்கிற நேரத்திலேதானே போடறேள்? ஆயிரத்து இருநூறுன்னு வெச்சுக்கோங்கோ, மாமி!”

மாமி சிரித்தார். தலையை ஆட்டினார். வியாபாரம் முடிந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ‘சும்மா’ என்கிற ஒரே ஒரு வார்த்தைக்கு விலை 300 ரூபாய்!

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் வீட்டிலேயே எம்பிராய்டரி செய்து கொடுக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் தெருவுக்கு ஒருவராவது இருப்பீர்கள் என்பது என் அபிப்பிராயம். செய்யாதவர்கள், செய்பவர்களிடம் போய்ப் பேரம் பேசியிருப்பீர்கள். இரு தரப்பாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நேரம் எங்கே இருக்கிறது?

மாமியின் ‘சும்மா இருக்கிற நேரம்’ எது என்று தேடிப் பார்ப்போமா?

காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார். பால், காபி, கோலம், குக்கர். பிள்ளைக்கு டிபன் டப்பா, அவருக்குச் சாப்பாடு, மாமியாருக்கு மாத்திரை. பத்து மணிக்கு வீடு காலியாகிறது. பாத்திரமும் துணியும் ஒரு வழியாக முடியும்போது மணி பதினொன்று. அப்புறம்தான் சட்டத்தின் முன்னால் உட்கார முடியும். மறுபடியும் ஒரு மணிக்கு மாமியாருக்குச் சாப்பாடு. இரண்டரையிலிருந்து நாலரை வரை இன்னொரு தவணை. இரவு எல்லோரும் படுத்த பிறகு, ஒன்பதிலிருந்து பத்தரை வரை மூன்றாவது தவணை.

இந்தத் தவணைகளும் முழுசாகக் கிடைப்பதில்லை. காஸ் சிலிண்டர் வரும்; இஸ்திரிக்காரர் வருவார்; கூரியர் பையன் வருவான்; “ஒரு வாய் காபி கிடைக்குமா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒரு தடவை எழுந்தால் போச்சு. நூலின் முறுக்கு அவிழும். கையின் ஓட்டமும் நின்றுவிடும். திரும்பி உட்கார்ந்து பழைய வேகம் வருவதற்குப் பத்து நிமிஷமாவது ஆகும்.

மாமி வீட்டுக் கதை மட்டுமல்ல இது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல், நம் ஜனங்கள் பகலையும் இரவையும் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். மறுபடியும் 2024-ல் எடுத்தார்கள். பெண்களின் கணக்கு 289 நிமிஷமாக இறங்கியிருந்தது. ஐந்து வருஷத்தில் பத்து நிமிஷம் லாபம்! அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நமது சிநேகிதிகள் ‘சும்மா இருக்கிற நேரம்’ என்கிறார்கள் போலிருக்கிறது.

ஒரு ரவிக்கையின் பிரயாணம்

ஒரு ரவிக்கையில் என்ன வேலை இருக்கிறது என்று தெரியாததால்தான் பேரம் பிறக்கிறது. ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘ஆரி’ என்பது தோல் தைப்பவர்கள் உபயோகிக்கும் கொக்கி ஊசியின் வடநாட்டுப் பெயர். அந்த ஊசியின் தங்கைதான் மாமி கையில் இருப்பது. ஆரி வேலையைத் தைத்து முடித்த ரவிக்கையில் செய்வதில்லை. வெட்டாத துணியில், அளவு ரவிக்கையை வைத்துக் கழுத்து, கை, முதுகு எல்லாவற்றையும் முதலில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தையலுக்கு விட வேண்டிய ஓரத்தையும் ஞாபகமாக விட வேண்டும். இங்கே அரை அங்குலம் பிசகினால், கடைசியில் தையற்காரர் வெட்டித் தைக்கும்போது இடது பக்கத்து மயிலின் கழுத்து ஒரு மட்டத்திலும், வலது பக்கத்து மயிலின் கழுத்து வேறொரு மட்டத்திலும் நிற்கும்!

அடுத்தது படம். கைப்பேசியில் வந்த சிறு படத்தைப் பெரிதாக்கி, மெல்லிய டிரேசிங் காகிதத்தில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை போடுகிறார்கள். மண்ணெண்ணெயில் வெள்ளைப் பொடியோ நீலமோ குழைத்து, பஞ்சில் தொட்டுக் காகிதத்தின் மேல் தேய்த்தால், படம் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கிவிடும். மஞ்சள் கார்பன் காகிதம் வைத்து வரைவது சுலபம்தான். ஆனால் வெளிர் நிறப் பட்டில் அது படிந்துவிட்டால் சாமானியமாகப் போகாது.

பிறகு துணியைச் சட்டத்தில் கட்டுவது. கோணாமல், தொய்யாமல், பட்டு கிழியாமல் இழுத்துக் கட்ட வேண்டும். அப்புறம்தான் தையல். ஜரிகைச் சங்கிலி, பட்டு நூலால் இலை நிரப்பல், மணி கோப்பது, சமிக்கி, கல் ஒட்டி அதைச் சுற்றி வேலி கட்டுவது, சுருள் கம்பி போன்ற ஜர்தோசியைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றித் தைப்பது. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் பின்பக்கத்தில் முடிச்சு. அந்த முடிச்சில் சோம்பல்பட்டால் தீர்ந்தது. சங்கிலித் தையல், நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு முழமும் ஒரே மூச்சில் அவிழ்ந்து வந்துவிடும்.

காலண்டர் தாளில் ஒரு கணக்கு

அன்று மாலை மாமியிடம் சொன்னேன்: “மாமி, இந்த அரக்கு ரவிக்கைக்கு மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணியைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.”

“எதுக்குடி? நான் என்ன ஆபீஸ் உத்தியோகமா பார்க்கிறேன்?” என்று சிரித்தார். இருந்தாலும் குறித்தார். பத்து நாள் கழித்து, கிழித்த தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு இருவரும் கூட்டினோம்.

வாடிக்கைக்காரியுடன் பேசியது, நிறம் பொறுக்கியது, நடுவில் வந்த “மாமி, பச்சைக்குப் பதிலா ரோஸ் போடலாமா?” வகையறாக்களுக்குப் பதில் சொன்னது: 1 மணி. படம் வரைந்தது: 1½ மணி. துணியில் பதித்து, சட்டத்தில் கட்டியது: 1½ மணி. தைத்தது: 16 மணி. ஆக மொத்தம் 20 மணி நேரம்.

செலவு: நூல், ஜரிகை, மணி, கல் எல்லாம் சேர்ந்து 400 ரூபாய். ஊசி, பசை, விளக்கு, சட்டத்தின் தேய்மானம் என்று ஒரு 100 ரூபாய். ஆக 500.

வாங்கினது 1,200. செலவு போக மிச்சம் 700. அதை 20 மணியால் வகுத்தால் மணிக்கு 35 ரூபாய்!

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. “முப்பத்தஞ்சா? முகூர்த்த நாளிலே ஒரு முழம் மல்லிப்பூகூட வராதேடி!” என்றார்.

இதில் இன்னொரு வேடிக்கை. மாதத்துக்கு ஒரு தடவை மணியும் ஜரிகையும் வாங்கச் சௌகார்பேட்டைக்குப் போகிறாரே, அந்த அரை நாள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. “பஸ்ஸிலே டிக்கெட் கிடையாதே!” என்றார் மாமி. வாஸ்தவம்தான். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட்தான் இலவசம், நேரம் இலவசமல்லவே!

விலை சொல்லும்போது நூலுக்கும் மணிக்கும் கணக்குப் பார்க்கிற நாம், நமக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. எதைக் காசு கொடுத்து வாங்கினோமோ அதற்குத்தான் விலை; உடம்பால் கொடுத்ததற்கு விலை கிடையாது என்று எண்ணிப் பழகிவிட்டோம். வீட்டுத் தொழிலில் நஷ்டம் வருகிற வாசல் இதுதான். கணக்குப் புத்தகத்தில் அது தெரியாது, முதுகுவலியில்தான் தெரியும்.

ஊசியால் விடுதலை வாங்கியவர்கள்

பெண்ணின் கைவேலைக்கு விலை உண்டு என்று இந்த நாட்டில் யாரும் நினைத்ததே இல்லை என்று எண்ணாதீர்கள். 1820-களில் நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட், தம் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. 1855-ல்தான் அது ஒழிந்தது. அந்தப் பள்ளியில் இருந்த சில அடிமைப் பெண்கள், லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டே தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டதாகப் பாதிரிமார் சங்கத்தின் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். கூலி என்று ஒன்று கையில் வந்ததால் அல்லவா அது நடந்தது? “சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுகிறாய்” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சென்னைக்கு வருவோம். பால்ய விதவையான சுப்புலட்சுமி அம்மாள் 1911-ல் பி.ஏ. தேறினார், சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்துப் பெண்மணி அவர்தான். மறு வருஷமே சாரதா மகளிர் சங்கத்தை ஆரம்பித்தார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்லும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில், அவருடைய ஆதரவில் இளம் விதவைகள் தங்கிப் படித்தார்கள். அதே அம்மாள் 1942-ல் மயிலாப்பூரில், வயதுவந்த பெண்களுக்கென்று ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அடையாறில் அது வளர்ந்தது. துர்காபாய் 1937-ல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவினார். படிப்போடு கைத்தொழிலும் அங்கே சேர்ந்து நடந்தது. ஒரு பெண் தன் காலில் நிற்க வேண்டுமானால் படிப்போ தொழிலோ கையில் இருக்க வேண்டும் என்பதில் இந்த மூன்று பேருக்கும் இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

நர்சாபூர் சொல்லும் பாடம்

தொழில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஆந்திராவில், கோதாவரிக் கரைப் பக்கத்து நர்சாபூரே சாட்சி. அங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் லேஸ் பின்னுகிறார்கள். அது கப்பலேறி அயல்நாடு போகிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் அங்கே போய், பெண்களோடு பழகி ஆராய்ந்து, 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் வீட்டு வேலைக்கு மேல் தினம் 6 மணி முதல் 8 மணி நேரம் வரை பின்னுகிறார்கள் என்று கண்டார். கிடைத்த கூலியோ மிக அற்பம். ஏன்? அவர்கள் ‘வீட்டிலே இருக்கிற பெண்கள்’. பொழுது போவதற்காகப் பின்னுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வியாபாரிகள் நினைத்தார்கள், வீட்டு ஆண்கள் நினைத்தார்கள். ஜனத்தொகைக் கணக்கிலும் அவர்கள் உழைப்பாளிகளாக எண்ணப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண்களே அப்படித்தான் நினைத்தார்கள்!

‘சும்மா’ என்ற வார்த்தை மாமியிடம் 300 ரூபாயைப் பறித்தது. நர்சாபூரில் அதே வார்த்தை ஒரு ஊரின் கூலியையே பறித்துவிட்டது.

இதற்கு ஒரு பதில் நம் மயிலாப்பூரிலிருந்தே புறப்பட்டது என்பது உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 1978-ல் ஜெயா அருணாசலம் என்ற அம்மையார் ‘ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ என்ற சங்கத்தை ஆரம்பித்தார். தலைமையிடம் மயிலாப்பூர். இட்லிக் கடை, பூக்கடை, காய்கறிக் கூடை வைத்திருந்த பெண்கள் அக்கம்பக்கமாகக் குழு சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நின்று, பாங்கியில் சிறு கடன் வாங்கினார்கள். நகை அடகு இல்லை. கந்து வட்டி இல்லை. 1981-ல் அவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. நர்சாபூர் லேஸ் பெண்களையும் இந்தச் சங்கம் ஒன்று திரட்டியது. ஜெயா அருணாசலம் 2019-ல் காலமானார். தனியாக இருந்தால் ‘சும்மா’. நாலு பேர் சேர்ந்தால் ‘தொழில்’ என்பதை அவர் வாழ்நாளெல்லாம் காட்டிவிட்டுப் போனார்.

உலக சபையும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-ல் நிறைவேற்றிய 177-வது உடன்படிக்கை, வீட்டிலிருந்து செய்யும் வேலையும் மற்ற வேலைகளைப் போல வேலைதான், அதற்கும் சமமான மரியாதை வேண்டும் என்று சொல்கிறது. ஜெனிவாவில் ஒப்புக்கொண்டதை நம் வீட்டுக் கூடத்தில் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பாக்கி!

சரி, என்ன செய்யலாம்?

நானும் மாமியும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்த சில விஷயங்களைச் சொல்கிறேன். உங்களுக்குச் சௌகரியப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மணிக்கூலி. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தொகையை நீங்களே நிச்சயம் செய்யுங்கள். மாமி என்ன செய்தார் தெரியுமா? எதிர் வீட்டில் சமைத்துக் கொடுக்கும் அம்மாளின் மாதச் சம்பளத்தை, அவர் வேலை செய்கிற மணியால் வகுத்துப் பார்த்தார். அதை ஒட்டித் தமக்கு மணிக்கு 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டார். இது எங்கள் சந்துக் கணக்கு. உங்கள் பேட்டையில் கூடவோ குறையவோ இருக்கலாம். எத்தனை என்பதைவிட, ஒரு தொகை இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, மாதிரித் துண்டுகள். கையகலத் துணிகளில் நாலைந்து தினுசு வேலை செய்து, ஒவ்வொன்றின் பின்னாலும் அது பிடித்த நேரத்தையும் விலையையும் எழுதி வைத்துவிடுங்கள். “இந்தத் தினுசு இவ்வளவு, அந்தத் தினுசு அவ்வளவு” என்று காட்டினால் பேரத்துக்கு இடம் குறையும். விலை அதிகமென்று தோன்றினால், வேலையைக் குறைத்துக்கொள்ளட்டும். அதே வேலைக்கு விலையைக் குறைக்க வேண்டாம்.

மூன்றாவது, பாதி முன்பணம். கூச்சப்படாதீர்கள். வேலை முடிந்து ரவிக்கை கல்யாணத்துக்கும் போய்வந்து, கல்யாணப் பெண் ஊருக்கும் போன பிறகு பணம் வந்த கதைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. துணியை வாங்கும்போதே கறை, கிழிசல் இருக்கிறதா என்று எதிரிலேயே பார்த்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கறுப்பு நூல்களை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தபின் பட்டில் ஏற்றுங்கள். சாயம் போகிற நூல் ஒன்று போதும், பத்து நாள் உழைப்பையும் பாழாக்கிவிடும்.

நான்காவது, பஞ்சாங்கம். கல்யாணம் இல்லாத மாதங்களில் நமக்கு ஓய்வு என்று நினைத்தால் மோசம் போவீர்கள். ஆவணி முகூர்த்தத்து ரவிக்கைகள் ஆடியில்தான் வரும். தை மாதத்தவை மார்கழியில் வரும். ஊரே சபா சபாவாகக் கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கும்போது ரவிக்கைக்காரி தலை நிமிர முடியாது. ஆகவே மாதத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வந்தால் நாள் தள்ளிக் கொடுங்கள். அல்லது தெரிந்த இன்னொரு சகோதரிக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால், ஒருவர் படம் வரையலாம். ஒருவர் சௌகார்பேட்டை போய் எல்லோருக்கும் மொத்தமாக நூல் வாங்கலாம். ஆளுக்கு அரை நாள் மிச்சம்.

ஐந்தாவது, கடை வேலை. பெரிய துணிக்கடைகளும் பொட்டிக்குகளும் தியாகராய நகரில் நிறைந்திருக்கின்றன. அவர்களுக்காக வேலை வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். வேலை ஓயாமல் வரும் என்பது நிஜம். ஆனால் ரூபாயை மணியால் வகுத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரம் நிமிஷத்தில் போடுகிற வேலையோடு போட்டி போடவும் வேண்டாம். பாட்டியின் புடவைக் கரையிலிருந்து எடுத்த பூ, நாத்தனாருக்கு வளைகாப்பு ரவிக்கை, நைந்த பட்டில் ஓட்டை தெரியாமல் ஒரு கொடி என்று ஒரே ஒருவருக்காகச் செய்ய வேண்டியவை இயந்திரத்துக்கு ஒத்து வராது. உங்கள் கைக்கு அங்கேதான் மதிப்பு.

ஆறாவது, பதிவு. மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண் வைத்து நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கிறவர் யாராயிருந்தாலும் அவர் சர்க்கார் அல்ல! தையலும் சேர்த்துச் செய்கிறவர்கள், தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தைப் பற்றியும் விசாரியுங்கள். ‘குடும்பத் தலைவி’ என்று மட்டும் எழுதி வந்த இடத்தில் தொழிலின் பெயரையும் எழுதும்போது ஒரு தெம்பு வரும். அனுபவித்தவர்களைக் கேளுங்கள்.

கடைசியாக, உடம்பு. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தால், வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு நிழல் விழாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருக்கும் மரத்தையோ மொட்டை மாடியையோ பாருங்கள். நாற்பதுக்கு மேல் ஊசியில் நூல் கோக்கத் திண்டாட்டமாக இருந்தால், பிள்ளையைக் கூப்பிடாமல் கண் டாக்டரைப் பாருங்கள். சட்டத்தின் உயரத்தை உங்களுக்குத் தக்கபடி வையுங்கள். நீங்கள் சட்டத்துக்குத் தக்கபடி குனியாதீர்கள். இன்னொன்று: பிறத்தியார் பட்டை எப்போதும் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி மேல் தட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை அடையாற்றங்கரையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று?

மாமி விலையை 2,000 ரூபாயாக உயர்த்தினார். 20 மணிக்கு 1,500, செலவுக்கு 500. முதல் மாதம் அவருக்குத் தூக்கமே வரவில்லை. “இருக்கிறவாளும் போயிட்டா என்னடி பண்றது?” என்று தினம் ஒரு தடவை கேட்பார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். மாமி வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு அந்தப் பணம் போகிறது என்று எனக்குத் தெரியும்.

பயந்தபடியே நடந்தது. மாதம் வழக்கமாக வரும் ஐந்து பேரில் இரண்டு பேர் வரவில்லை. மாதக் கடைசியில் மறுபடியும் காலண்டர் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முன்பெல்லாம் ஐந்து ரவிக்கை, 100 மணி நேரம், மிச்சம் 3,500 ரூபாய். இப்போது மூன்று ரவிக்கை, 60 மணி நேரம், மிச்சம் 4,500 ரூபாய்! மாமி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். அப்புறம் என்னையும் ஒரு தடவை கூட்டச் சொன்னார்.

போன வாரம் அடையாறு வாடிக்கைக்காரி மறுபடியும் வந்தாள். தங்கைக்கு நிச்சயதார்த்தமாம். மாமி விலையைச் சொன்னார்.

“என்ன மாமி, ஒரேயடியா ஏத்திட்டேள்? ஆத்திலே சும்மா இருக்கிற நேரத்திலே…”

மாமி ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபமில்லை.

“சும்மா இருக்கிற நேரம் எனக்கு ஏதும்மா? அப்படி ஒண்ணு கிடைச்சா, முதல்லே தூங்குவேன்!”

அவள் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். சட்டத்தில் பாதி பூத்திருந்த கொடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு பையைத் திறந்து 1,000 ரூபாய் முன்பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

மாமி காலண்டர் தாளைக் கிழித்தார். பின்பக்கத்தில் மணியைக் குறித்தார்: 3.10.